பீலியில் விழும் பழைய மழை

பெப்ரவரி மாதம் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பீலியடியில் வாளியை வைத்தால், அதில் விழுவது பெரும்பாலும் போன வருடத்து மழை. சில மலைகளில் அது இன்னும் பழையதாகவும் இருக்கலாம். வானம் ஐந்தாறு வாரமாக வெளுத்துக் கிடக்கும். தேயிலைத் தூரடியில் மண் காலில் பொடிபடும். ஆனாலும் பாறை இடுக்கில் ஊறி, கறுப்பு பிளாஸ்டிக் குழாய் வழியே தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். மழை விட்ட பிறகும் மலை எப்படித் தண்ணீர் விடுகிறது, எத்தனை நாளைக்கு விடும் என்பது விளங்கினால்தான் வறட்சியில் வீட்டுத் தண்ணீரைச் சேமிப்பது பற்றிப் பேச முடியும். குழாயை இறுக்கி மூடு, குளிக்கும் நேரத்தைக் குறை என்று நகரத்துக்குச் சொல்லும் புத்திமதி பீலிக்கரையில் பாதிகூடப் பொருந்தாது.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் சிரிப்பு வரும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். வடகிழக்குப் பருவக் காற்று தன் ஈரத்தை ஊவாப் பக்கத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது காய்ந்த காற்றாக வருகிறது. ஜனவரியில் நுவரெலியாவில் உறைபனி பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்களே, அந்தப் பனிக்கும் வறட்சிக்கும் காரணம் ஒன்றுதான். இரவில் மேகம் இல்லாததால் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது, புல் நுனியில் நீர் உறைகிறது. மறுநாள் வெயிலில் கொழுந்து கருகிக் கிடக்கும். மேகமே இல்லாத வானத்திலிருந்து மழை எங்கே வரும்?

2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் நாட்டைப் பிடித்த வறட்சி, நாற்பது வருடத்தில் காணாதது என்று சொல்லப்பட்டது. வறண்ட மாதங்களில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால் உள்ளே முழுகிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் தலைகாட்டும், மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த நீர்த்தேக்கத்துக்கும் காசல்ரீக்கும் வந்து சேரும் தண்ணீர்தான் லக்சபான மின்நிலையங்களைச் சுழற்றி, களனி ஆறாகி, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீராகிறது. கொத்மலை ஓயாவின் தண்ணீர் மகாவலியோடு போய், 1976 முதல் பொல்கொல்லை அணையில் திரும்பி வடமத்தி மாகாணத்து வயலுக்கும் பாய்கிறது. இத்தனையும் கொடுக்கிற மலையில் மார்ச் மாதம் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். இதற்கு இயற்கையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மத்திய மலைநாட்டின் பாறை பல கோடி வருடத்துக்கு முந்தியது. பூமிக்கடியில் வெந்து அழுந்தி இறுகிப்போன பாறை அது. அந்தப் பாறையின் உடம்புக்குள் தண்ணீர் தங்க இடம் கிடையாது. தண்ணீர் தங்குவது இரண்டே இடத்தில். ஒன்று, பாறையின் மேல் பகுதி மழையிலும் வெப்பத்திலும் உக்கி உருவான மண்போர்வை. சில சரிவில் அது முழங்கால் ஆழம்தான், சில இடத்தில் பல மீற்றர் ஆழம். மற்றது, பாறையில் ஓடும் வெடிப்புகள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, இறுகிய பாறையில் முட்டி, அதற்கு மேல் இறங்க வழியில்லாமல் சரிவோடு பக்கவாட்டில் நகர்கிறது. நிலம் எங்கே வெட்டுப்பட்டுக் கிடக்கிறதோ அங்கே வெளியே வருகிறது. அதுதான் ஊற்று. மண்துகளுக்கு இடையிலான நுண்ணிய வழியில் நகர்வதால் அதன் வேகம் மிகக் குறைவு. ஜூலை மழை பெப்ரவரியில் வருவதற்குக் காரணம் இந்தத் தாமதம்.

அடியில் ஓட்டை போட்ட பரல் ஒன்றில் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும்? முதலில் வேகமாக ஒழுகும். உள்ளே நீர்மட்டம் இறங்க இறங்க, தள்ளும் அழுத்தம் குறைந்து ஒழுக்கும் மெலியும். உள்ளே எவ்வளவு மிச்சமோ அந்த அளவுக்குத்தான் வெளியே வரும். ஆகவே ஊற்று நாளுக்கு இத்தனை லீற்றர் என்று ஒரே சீராகக் குறைவதில்லை, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்மொன் மாயே 1905-இல் இதைச் சமன்பாடாக எழுதிவைத்தார். இன்றும் நீரியலாளர்கள் அதையே பாவிக்கிறார்கள்.

நமக்குச் சமன்பாடு வேண்டாம். பத்து லீற்றர் வாளி ஒன்றும் கையில் இருக்கும் போனும் போதும். வாளி நிறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். கணக்குக்காக ஒரு பீலியை எடுத்துக்கொள்வோம். ஜனவரி முதலாம் திகதி வாளி நிறைய 50 செக்கன், அதாவது நிமிடத்துக்கு 12 லீற்றர். பெப்ரவரி 10-ஆம் திகதி அதே வாளிக்கு 100 செக்கன். நாற்பது நாளில் ஓட்டம் பாதியாகிவிட்டது. இடையில் மழை இல்லாவிட்டால் அடுத்த நாற்பதாம் நாள், மார்ச் 22-ஆம் திகதி, 200 செக்கன் ஆகும். நிமிடத்துக்கு மூன்றே லீற்றர். வரப்போகும் தட்டுப்பாட்டை ஆறு வாரம் முந்தியே வாளி சொல்லிவிடுகிறது. இதில் இரண்டு எச்சரிக்கை. பெருமழை விட்ட முதல் இரண்டு வாரத்துக் கணக்கை எடுக்கக் கூடாது, மேல்மண்ணில் நின்ற தண்ணீர் வேகமாக வடியும் காலம் அது. அளக்கிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே யாரும் தண்ணீர் எடுக்காத விடியற்காலையே நல்லது.

பாதியாக எத்தனை நாள் என்பது அந்தந்த மலையின் குணம். மேலே மண் மெல்லிசாக இருந்தால் பதினைந்து நாளிலேயே பாதியாகிவிடும், மண் ஆழமாக இருந்தால் இரண்டு மாதம்கூடப் பிடிக்கும். ஒரே பீலியை வருடாவருடம் அளந்து வந்தால் இன்னொன்றும் தெரியவரும். முன்பு நாற்பது நாள் எடுத்தது இப்போது முப்பது நாளில் பாதியாகிறது என்றால், மழை குறைந்தது மட்டும் காரணமாக இருக்காது. மேலே மலையில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள்.

இனி வீட்டுக் கணக்கு. அந்த மார்ச் 22-ஆம் திகதிப் பீலியையே எடுப்போம். நிமிடத்துக்கு மூன்று லீற்றர் என்பது மணிக்கு 180 லீற்றர், ஒரு நாளைக்கு 4,320 லீற்றர். ஆளுக்கு 50 லீற்றர் என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 250 லீற்றர். பன்னிரண்டு குடும்பம் இருக்கிற லயத்துக்கு 3,000 லீற்றர். கடும் வறட்சியின் உச்சத்திலும் பீலி தேவைக்கு மேலேயே தருகிறது! பிறகு ஏன் வரிசையும் வாய்ச்சண்டையும்?

ஆட்கள் தண்ணீர் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். விடிய ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை. ஏழரைக்குப் பெண்கள் கூடையோடு மலைக்குப் போய்விடுவார்கள். பிறகு பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை. மொத்தம் ஐந்து மணித்தியாலம், 900 லீற்றர். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப் பத்தொன்பது மணித்தியாலத்துக்கு 3,420 லீற்றர் தண்ணீர் சும்மா கானில் விழுந்து ஓடிவிடுகிறது. பீலிக்கு இரவு பகல் கிடையாது. அதை மூடினாலும் தண்ணீர் மலைக்குள் மிச்சப்பட்டு நிற்பதில்லை, ஊற்றடியில் வழிந்து வேறு பக்கம் போய்விடும். பல்லு விளக்கும்போது குழாயைத் திறந்து விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் நாளுக்கு வீணாவது நாலு லீற்றர் சொச்சம், ஆளில்லாத நேரத்துப் பீலியில் போவது 3,420 லீற்றர். எதைப் பிடிக்க வேண்டும் என்பதில் விவாதமே தேவையில்லை.

பிடிப்பதும் பெரிய காரியம் இல்லை. மாலை ஆறரையிலிருந்து விடிய ஐந்து வரை பத்தரை மணித்தியாலத்தில் சேர்வது 1,890 லீற்றர். பகலில் ஏழரையிலிருந்து நாலு வரை 1,530 லீற்றர். ஆயிரம் லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி இரண்டு வைத்தால் இரண்டு தரமும் அடங்கிவிடும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும், வெளிச்சம் பட்டுப் பாசியும் பிடிக்கும். வழிந்தோடும் குழாயைக் கீழ் லயத்துப் பக்கம் திருப்பிவிட வேண்டும். நமக்குக் கானில் விழுந்து வீணாகிற தண்ணீர், கீழே உள்ளவர்களுக்குப் பீலித் தண்ணீர்.

ஊற்றில் தண்ணீர் இருக்கும், குழாயில் வராது. இதைவிட எரிச்சல் கிளப்பும் காட்சி வறட்சியில் கிடையாது. “மேல் லயத்துக்காரங்க பைப்ப மாத்திட்டாங்க” என்று சண்டை கிளம்பும். யாராவது குழாய் நெடுக நடந்துபோய்ப் பார்த்தால் வெட்டும் இருக்காது, உடைப்பும் இருக்காது. குற்றவாளி பல வேளைகளில் காற்று.

ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் குழாய் நேராகச் சரிந்து வருவதில்லை. ஒரு கானைத் தாண்டும், பாறைமேல் ஏறி இறங்கும், வேர் ஒன்றைச் சுற்றும். அப்படி மேடு தட்டும் ஒவ்வோர் இடத்திலும் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் குழாய் நிறையத் தண்ணீர் வேகமாக ஓடுவதால் காற்றுக் குமிழிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வறட்சியில் ஊற்றுக்குழியின் நீர்மட்டம் இறங்கி, குழாயின் வாய் பாதி வெளியே தெரியும். தண்ணீரோடு காற்றையும் அது உறிஞ்சும். ஓட்டமோ மந்தம், தள்ளிவிடத் தெம்பு இருக்காது. காற்று மேட்டிலிருந்து கீழ்ப்பக்கம் வரை நீண்டு அடைத்துக்கொள்ளும். இப்படி இரண்டு மூன்று மேட்டில் அடைத்தால், ஊற்று லயத்தைவிடப் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அந்த உயரத்தின் அழுத்தம் முழுவதும் இந்தக் காற்றுகளோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடும். கடைசியில் ஒரு சொட்டும் வராது.

இதற்கு மருந்து மலிவானது. மேடு தட்டும் இடத்தில் குழாயின் முதுகில் ஒரு சிறு துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, ஊற்று மட்டத்தைவிட உயரமாகக் கம்பில் நட்டுவைத்தால் காற்று தானாக வெளியேறும், தண்ணீர் வெளியே வராது. அவ்வளவு உயரம் முடியாவிட்டால் திறந்து மூடும் சின்ன வால்வு போதும், காலையில் ஒருவர் போய்த் திறந்துவிட்டு வரலாம். ஊற்றுக்குழியில் குழாய் வாயைத் தாழ்த்தி, கல் வைத்து அமுக்கி, வலை கட்ட வேண்டும். மாடு மிதித்துப் பிளந்த இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுகளையும் பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு லீற்றர் கசிந்தாலும் நாளுக்கு 480 லீற்றர், கிட்டத்தட்ட இரண்டு வீட்டுத் தண்ணீர்.

மேலே மலையில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள் என்றேன். அந்தக் கதை கோப்பிக் காலத்திலிருந்தே தொடங்குகிறது. காட்டை மொட்டையடித்து, களையும் இல்லாமல் சுரண்டி, மேல்மண்ணை ஆற்றில் விட்ட காலம் அது. உச்சிமலைக் காட்டையும் வெட்டினால் ஆறுகள் கெடும் என்று கியூ தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1873-இல் எச்சரித்தார். 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக் கூடாது என்ற அவருடைய யோசனையால்தான் ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் ஓரளவுக்கு மிஞ்சின. 2010-இல் அவை உலக மரபுரிமையாகின.

அந்தக் காடு மழையை மட்டும் நம்பி இருக்கவில்லை. மூடுபனியின் துளி ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில்தான் கீழே இறங்கும், அதற்குள் காற்று அதை எங்கோ கொண்டுபோய்விடும். ஆகவே திறந்த நிலத்தில் வைத்த மழைமானியில் அது விழுவதே இல்லை. ஆனால் குட்டை மரங்களின் இலையிலும், கிளையில் தாடியாய்த் தொங்கும் மரப்பாசியிலும் மோதி ஒட்டிச் சேர்ந்து சொட்டாகிறது. மழை பெய்யாத நாளிலும் அந்த மரத்தடி நனைந்திருக்கும். மரத்தை வெட்டினால் பனி நம்மைத் தாண்டிப் போய்விடும், தண்ணீர் போகும்.

எல்லா மரமும் ஒன்றில்லை. ‘டர்பன்டைன்’ என்று இங்கே சொல்கிற யூகலிப்டஸை விறகுக்காக மலையெங்கும் நட்டார்கள். அது தண்ணீரைக் குடிக்கிறதா என்ற சண்டைக்கு நீலகிரியில் அளந்தே விடை கண்டிருக்கிறார்கள். உதகை அருகே கிளென்மோர்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீரேந்து பரப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் 1970-களில் யூகலிப்டஸ் நட்டார்கள். மரம் நட்ட பக்கத்து நீர்வரத்து முதல் சுற்றில் 16 வீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு கால் பங்கை எட்டியது. ஊற்றுத் தலையில் இந்த மரத்தை நடுவது புத்தியான வேலை இல்லை. இருக்கிற இடத்தில் அடுத்த வெட்டுக்குப் பிறகு நாட்டு மரங்களுக்கு மாறலாம்.

தேயிலை மலையிலும் செய்யக் கூடியது உண்டு. கவ்வாத்து வெட்டிய மிலாறு மண்ணிலேயே கிடந்தால் மழைத்துளி நேரடியாக மண்ணில் அறையாது, மண் இறுகாது, தண்ணீர் உள்ளே இறங்கும். 1925-இல் தொடங்கிய தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் மிலாறை மலையிலேயே விடச் சொல்கிறது. ஆனால் அடுப்புக்கு விறகு இல்லாதவர் பொறுக்கத்தான் செய்வார். எரிவாயு விலையையும் ஊற்றுத் தண்ணீரையும் இணைக்கும் கண்ணி இந்த மிலாறு. வெறும் உபதேசத்தால் அதை அறுக்க முடியாது.

சிக்கிமில் 2008 முதல் ‘தாரா விகாஸ்’ என்ற திட்டத்தில் ஊற்றுகளுக்கு மேலே சரிவில் குழி வெட்டி மழையை நிலத்துக்குள் இறக்கி, வற்றிய ஊற்றுகளை மீட்டார்கள். பாறையின் சாய்வைப் பார்த்து இடம் தெரிந்ததுதான் அவர்களுடைய கெட்டித்தனம். சில ஊற்றுகளுக்குத் தண்ணீர் வருவது மலைமுகட்டின் மறுபக்கத்திலிருந்து! இதை அப்படியே நம் மலையில் செய்யலாமா? இங்கே நான் தயங்குகிறேன். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்ததை யாரும் மறக்கவில்லை. செங்குத்துச் சரிவில், வீடுகளுக்கு மேலே, தண்ணீரைத் தேக்கி இறக்குவது மண்ணின் பிடியைத் தளர்த்தும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு குழியும் வெட்டக் கூடாது.

மலையைக் குடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியபோது, 2014 முடிவில் பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. மழை குறையாமலே ஊற்று சாகலாம் என்பதை அந்த ஊர் கண்ணால் கண்டது.

தண்ணீர் வருவதற்கு இன்னொரு வழி தலைக்கு மேலேயே இருக்கிறது. மார்ச் கடைசியில் பின்னேரங்களில் இடியோடு சில மழை வரும். இஸ்தோப்பையும் சேர்த்து ஒரு காம்பராவின் தகரக் கூரை 20 சதுர மீற்றர் என்றால், ஐந்து மில்லிமீற்றர் தூறலே 100 லீற்றர். கூரைத் தூசியைக் கழுவிவரும் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டுப் பரலில் பிடித்தால் கழுவவும் மலசலகூடத்துக்கும் ஆகும். அரிசி களைந்த நீரும் மரக்கறி கழுவிய நீரும் வீட்டுத்தோட்டத்துக்குப் போகட்டும். சவர்க்காரத் தண்ணீரைக் கீரைப்பாத்தியில் ஊற்றாமல் வாழையடிக்கு விடலாம்.

குடிக்கும் தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். ஓட்டம் மெலியும்போது அழுக்கைக் கரைத்து நீர்க்கவைக்கத் தண்ணீர் போதாது. ஆகவே மழைக்காலத்தில் கொதிக்கவைக்காதவர்களும் வறட்சியில் கட்டாயம் கொதிக்கவைக்க வேண்டும். மேலே உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டம் இருந்தால் பசளையின் நைத்திரேற்று ஊற்றில் கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தால் அது போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அப்படிப்பட்ட ஊற்றைத் தவிர்ப்பது நல்லது.

தாங்கியை யார் வைப்பது? 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாகவே நெடுங்காலம் இருந்தது. வரியும் வாக்கும் கொடுத்த லயத்துக்குச் சபையின் குழாய் வரவில்லை. 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்கு செல்லாது. தோட்ட நிருவாகத்துக்கும் பொறுப்பு உண்டு, தொழிலாளி காலை வேலைக்கு வருமுன் ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றால் அந்தக் களைப்பு கொழுந்து நிறுவையிலும் தெரியும்.

இந்த ஜனவரியில் அளக்கத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் பொறுப்பைக் கொடுத்து, திகதியையும் செக்கனையும் கொப்பி ஒன்றில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை லீற்றர் தேவை, ஆளில்லாத நேரத்தில் எத்தனை லீற்றர் வீணாகிறது என்ற மூன்று எண்களோடு அந்தக் கொப்பியைப் பிரதேச சபைக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியது ஆயிரம் லீற்றர் தாங்கி இரண்டு, மூடியோடு. பெப்ரவரி முடிவதற்குள் கேளுங்கள், மார்ச் வந்தபின் பவுசரைத் தவிர வேறெதையும் அனுப்ப யாருக்கும் நேரம் இருக்காது.